எட்டாம் இலக்க ஜேர்சிகள்

1986ஆம் ஆண்டு சனவரி 19ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை காலை, கொக்குவில் சந்திக்கு அருகே இருந்த பஞ்சலிங்கம் விளையாட்டுப் பொருள் விற்பனை நிலையத்தின் பின்னறையில் ஒரு கணினி வைக்கப்பட்டது.

அது ஒரு கொப்பியளவு அகலமுள்ள கறுப்புப் பெட்டி. லண்டனில் இருந்த பஞ்சலிங்கத்தின் தம்பி, ஊருக்கு வந்த ஒருவரின் பயணப் பையில் துணிகளுக்கிடையே வைத்து அனுப்பியிருந்தார். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியை அதோடு இணைத்தால் அதுவே திரை. தகவல்கள் பாட்டுக் கேட்கிற சாதாரணக் கசற்றில் பதிந்தன. அச்சு இயந்திரம் மட்டும் கொழும்பில் வாங்கியது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தவிர அதற்கு வேறெதுவும் தெரியாது.

அதை இயக்கப் படித்தவள் அருந்ததி. பஞ்சலிங்கத்தின் மனைவி குணலட்சுமியின் தங்கை. பேராதனையில் கணிதம் படித்துவிட்டு, ஆசிரிய நியமனத்துக்காக மூன்று வருடமாகக் காத்திருந்தாள். காத்திருக்கிற நேரத்துக்குக் கடைக்கு வந்துபோனாள். இயந்திரத்தோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பன்னிரண்டு நாளில் படித்து முடித்து, பதின்மூன்றாம் நாள் தன் முதல் நிரலை எழுதினாள். கசற்றை ஓடவிட்டால் கீச்சிட்ட சத்தம் ஐந்தாறு நிமிடம் கேட்கும். அதன் பிறகுதான் திரையில் எழுத்து வரும்.

"பின்னுக்குப் பூனையள் சண்டை பிடிக்குதோ?" என்று வாடிக்கையாளர்கள் கேட்டார்கள்.

"இல்லை, மச்சாள் வேலை செய்யிறா" என்பார் பஞ்சலிங்கம்.

பஞ்சலிங்கத்துக்கு நாற்பத்தாறு வயது. பதினாறு வருடமாகக் கடை நடத்துகிறார். அதற்கு முன்பிருந்தே உதைபந்தாட்ட மத்தியஸ்தர். கடையில் உதைபந்து, கரப்பந்து, கிரிக்கெட் மட்டை, கரம் பலகை, ஜேர்சி, விசில், காற்றடிக்கும் பம்பு எல்லாம் இருந்தன. எது எந்தத் தேயிலைப் பெட்டிக்குள் இருக்கிறது என்பது அவர் தலைக்குள் மட்டும் இருந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் கடை பாதிதான் இயங்கும். எந்தக் கிராமத்துக் கழகத்துக்கு எந்த நிறம், எந்தக் கோல்காப்பாளருக்குப் பெரிய கை, எந்த மைதானத்தில் கல் அதிகம், அதனால் எத்தனை மாதத்துக்கு ஒரு பந்து கிழியும் என்று கேட்காமலே சொல்வார். எழுதிவைத்ததில்லை.

அருந்ததி இரண்டு வாரம் பெட்டி பெட்டியாக எண்ணி எல்லாவற்றையும் பதிந்தாள். இயந்திரம் வந்த நாளிலிருந்து கொப்பியில் குறித்துவைத்த விற்பனை நேரங்களையும் சேர்த்தாள். மாலையில் மின்சாரம் இறங்கிவிடும், தொலைக்காட்சியில் படம் சுருங்கும். அதனால் காலை பத்துமணிக்கும் இரண்டுமணிக்கும் இடையில்தான் வேலை. பெப்ரவரி நடுப்பகுதியில் முதல் அறிக்கையை அச்சிட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தாள்.

"அத்தான், ஒரு விசயம். சனிக்கிழமைதானே எங்களுக்கு நல்ல வியாபாரம்?"

"ஓம்."

"ஆனா ஒன்பதிலையிருந்து பத்தரை வரைக்கும் ஒருத்தரும் ஒண்டும் வாங்கேல்லை. நாலு சனிக்கிழமையும் அப்பிடித்தான். வருகினம், பாக்கினம், பத்தரைக்குப் பிறகு வந்து வாங்குகினம்."

பஞ்சலிங்கம் சிரித்துவிட்டார்.

"பிள்ளை, அது ராகுகாலம். உதைக் கண்டுபிடிக்க லண்டனிலையிருந்து மிசின் வரவேணுமே? பஞ்சாங்கம் ஆணியிலை தொங்குது."

அருந்ததியும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் பந்து தைக்கிற வேலைகளை முடித்தார்கள். பத்தரைக்குக் கூட்டம் வரும்போது கைகள் ஓய்வாக இருந்தன. பஞ்சலிங்கம் அதை ஒப்புக்கொண்டார். இருந்தாலும் இயந்திரத்தை முழுதாக நம்பவில்லை. யாழ்ப்பாணம் பெருமாள் கோயிலடியில் ரியூட்டரி என்ற தனியார் கல்வி நிலையம் நடத்தும் ஒருவர், கணினி வகுப்புத் தொடங்க அதை விலைக்குக் கேட்டு இரண்டு தரம் வந்துபோயிருந்தார்.

பெப்ரவரி 20ஆம் திகதி செல்வநாயகம் மாஸ்ரர் வந்தார். வலிகாமத்துக் கிராமியக் கழகங்கள் பதினாறு சேர்ந்து நடத்தும் சுற்றுப்போட்டியின் செயலாளர் அவர், உடற்பயிற்சி ஆசிரியர். அதுவரை ஒவ்வொரு கழகமும் தான் நினைத்த கடையில் நினைத்த நேரத்தில் ஜேர்சி வாங்கியது. பாதி அணிகள் முதல் ஆட்டத்துக்குப் பழைய பெனியனோடு இறங்கின. இம்முறை எல்லாருக்கும் ஒரே கடையில் எடுப்பிப்பது என்று கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

"ஏப்ரல் இருபது, ஞாயிற்றுக்கிழமை, தொடக்க அணிவகுப்பு" என்றார் மாஸ்ரர். "பதினாறு கழகம், பதினைஞ்சு பேர் வீதம். அத்தனை பேரும் நம்பர் போட்ட புது ஜேர்சியோடை நடக்கவேணும். ஒரு கழகம் பழசோடை வந்தாலும் வாற வருசம் ஓடர் உமக்கில்லை, பஞ்சலிங்கம். அவையவை தங்கடை பாட்டிலை ரவுண் கடையளுக்குப் போகட்டும்."

"செய்யலாம் மாஸ்ரர்."

"இன்னொண்டு. வீரர்களின்ரை பதிவுக் கொப்பியும் தாறன். பேர், பிறந்த திகதி, ஊர். பிள்ளையின்ரை மிசினிலை அடிச்சு எனக்கு ஒரு வடிவான பட்டியல் வேணும். வயசைக் களவா மாத்திறாங்கள்."

அவர் போனபின் பஞ்சலிங்கம் அருந்ததியிடம் வந்தார். இவ்வளவு பெரிய ஓடர் கடைக்கு முன்பு வந்ததில்லை. இருநூற்று நாற்பது ஜேர்சியின் நிறத்தையும் அளவையும் தலைக்குள் வைத்திருக்க அவருக்கே துணிவில்லை.

"பட்டியலை நீ போடு" என்றார். "இது சரியாப் போனால் மிசின் இஞ்சை நிக்கும். பிழைச்சால், ரியூட்டரிக்காரர் கேட்டபடியே குடுத்துவிடுவம். கடைக்கு வேண்டாம்."

"சரி அத்தான்."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் மதியச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகவில்லை. நியமனக் கடிதம் வராத மூன்று வருடத்தில் அவள் படித்த படிப்பைக் கேட்டுவாங்கிய ஒரே பொருள் அந்தக் கறுப்புப் பெட்டி. அக்காவிடம் மட்டும் ஒருநாள் சொன்னாள்: "அதைக் குடுத்தால் நான் கடைக்கு வந்து என்ன செய்யிறது? பந்துக்குக் காத்து அடிக்கிறதே?"

பதினாறு தாள்கள் அச்சாகின. ஒரு கழகத்துக்கு ஒரு தாள். நிறம், கழுத்தின் வடிவம், பதினைந்து பேரின் அளவு, இலக்கம். பஞ்சலிங்கம் ஒவ்வொரு தாளிலும் நிறத்தைப் பார்த்தார், அளவைப் பார்த்தார். "சுன்னாகத்துப் பின்வரிசைக்காரன் கொழுத்துப்போனான், ஒரு அளவு கூட்டு" என்று ஒரே ஒரு திருத்தம் சொன்னார். கையெழுத்து வைத்தார். பட்டியல் பெப்ரவரி 28இல் கொழும்பிலுள்ள ஒரு தையல் ஆலைக்குத் தபாலில் போனது.

ஏப்ரல் 10ஆம் திகதி வியாழக்கிழமை பொதிகள் கொடிகாமத்துக்கு வந்தன. வெங்காயம் ஏற்றிக் கொழும்புக்குப் போன லொறி திரும்பும்போது கொண்டுவந்தது. ஆனையிறவு இராணுவச் சோதனைச் சாவடியில் எல்லாப் பொதிகளையும் அவிழ்த்துப் பார்த்திருந்தார்கள். திரும்பக் கட்டியது லொறிக்காரர். கொடிகாமத்திலிருந்து ஒரு வானில் கொக்குவிலுக்கு ஏற்றி வந்து மதியம் கடைக்குள் இறக்கினார்கள். நிறங்கள் பளிச்சென்று இருந்தன. தையல் சுத்தம். குணலட்சுமிகூட வீட்டிலிருந்து வந்து தொட்டுப் பார்த்தாள்.

பஞ்சலிங்கம் அளவெட்டிக் கழகத்தின் பச்சை ஜேர்சிகளை இலக்க ஒழுங்கில் மேசையில் அடுக்கினார். ஏழுக்குப் பிறகு அவர் கை நின்றது.

"அருந்ததி."

"என்ன அத்தான்?"

"இதென்ன?"

அவர் கையில் இருந்தது எட்டு.

அருந்ததி மல்லாகத்துப் பொதியைப் பிரித்தாள். அதிலும் எட்டு. இணுவிலிலும் எட்டு. கரையோரத்துக் கத்தோலிக்கக் கழகமொன்றின் நீலப் பொதியைப் பிரித்தாள். அதில் பதின்மூன்று.

வலிகாமத்துச் சைவக் கழகங்களில் எட்டாம் இலக்கம் போடுகிறவர் இல்லை. எட்டு சனியின் எண். கதவிலக்கம் எட்டென்றால் ஏழுக்கு ‘அ’ போட்டுக்கொள்கிற ஊர். கரையோரக் கழகங்கள் எட்டைத் தாராளமாக அணியும், பதின்மூன்றைத் தொடாது. ஆகவே சைவக் கழகத்துக்கு எட்டைத் தவிர்த்து ஒன்றிலிருந்து பதினாறு, கரையோரக் கழகத்துக்குப் பதின்மூன்றைத் தவிர்த்து ஒன்றிலிருந்து பதினாறு என்று பஞ்சலிங்கத்தின் பேனை பதினாறு வருடமாக எழுதிவந்தது. அவர் யோசித்து எழுதியதில்லை, யாருக்கும் சொன்னதுமில்லை. இந்த ஊரில் வளர்ந்தவளுக்கு அதைச் சொல்லவும் வேண்டியதில்லை. அருந்ததிக்கு அது தெரியும். கம்பஸ் பரீட்சையில் தன் சுட்டெண் எட்டில் முடிந்ததற்காக இரண்டு நாள் கவலைப்பட்டவள் அவள். ஆனால் நிரலில் அவள் எழுதியது ஒரே வரி: ஒன்றிலிருந்து பதினைந்து வரை எண்ணு. இயந்திரம் எண்ணியது.

"நான் பாத்துத்தானே கையெழுத்து வைச்சனான்" என்றார் பஞ்சலிங்கம். "நம்பரைப் பாக்கேல்லை. அதிலை பிழை வருமெண்டு ஆர் நினைச்சது?"

"பிழை என்ரை, அத்தான்."

"இப்ப ஆற்றை எண்டு பாத்து என்ன செய்யிறது?"

இலக்கங்கள் ரப்பர் மையால் அச்சிட்டவை, பிரித்தெடுக்க முடியாது. முன்னுக்கு ஒரு ஒன்று சேர்த்துப் பதினெட்டாக்கலாமா என்று குணலட்சுமி கேட்டாள். போட்டி விதிப்படி பதினாறுக்கு மேல் இலக்கம் இல்லை. ஆலைக்குத் தொலைபேசி எடுத்தார்கள். வருடப்பிறப்புக்குப் பூட்டுகிறோம், ஏப்ரல் 21இல்தான் திறப்போம் என்றார்கள். அணிவகுப்பு இருபதாம் திகதி.

வெள்ளிக்கிழமை காலை சிமியோன் வந்தார். சேந்தாங்குளத்தில் மீன் வியாபாரி. கரையோரக் கழகங்கள் ஐந்துக்கும் பொதுவாக ஓடித்திரிகிறவர். தங்களுடைய ஜேர்சி வந்துவிட்டதாமே என்று சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு உள்ளே வந்து, நீலப் பொதியைத் தானே கிளறிப் பதின்மூன்றை வெளியே எடுத்தார்.

"பஞ்சண்ணை, எங்களைக் கடலுக்கை தாழ்க்கிற யோசினையோ?"

பஞ்சலிங்கம் நடந்ததைச் சொன்னார். சிமியோன் பெரிதாகச் சிரித்தார்.

"அப்ப உங்கடை ஆக்களுக்கு எட்டு, எங்களுக்குப் பதின்மூண்டு. மிசின் ஒருத்தருக்கும் பாரபட்சம் காட்டேல்லை."

"பகிடி விடாதை சிமியோன். இருபதாம் திகதி அணிவகுப்பு."

சிமியோன் ஜேர்சியை விரித்துத் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "இது ஒரு கதையே? அந்தோனியார்ரை திருநாள் யூன் பதின்மூண்டு. அந்தோனி எண்டு பேர் வைச்சவனுக்குப் பதின்மூண்டு என்ன செய்யும்? அது அவன்ரை நம்பர்."

"எல்லாக் கழகத்திலையும் அந்தோனி இருக்கோ?" என்று அருந்ததி கேட்டாள். "மிசினிலை தேடிப் பாக்கட்டே?"

"பிள்ளை, கரையோரத்திலை அந்தோனியைத் தேட மிசினோ? கல்லெறிஞ்சால் ஒரு அந்தோனியிலைதான் விழும். அஞ்சு கழகத்தையும் நான் பாத்துக்கொள்ளுறன். நீர் உங்கடை சனியனைப் பாரும்."

அவர் போனபிறகு அருந்ததி பின்னறைக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் பூனைச் சண்டை கேட்டது. பஞ்சலிங்கம் எட்டிப் பார்த்தார்.

"என்ன செய்யிறாய்?"

"அத்தான், எட்டாம் திகதி, பதினேழாம் திகதி, இருபத்தாறாம் திகதி பிறந்த ஆக்களுக்கு எண் என்ன?"

"எண்சாத்திரப்படி எட்டுத்தான். ஒண்டும் ஏழும் எட்டு, இரண்டும் ஆறும் எட்டு."

"அவைக்கு எட்டு வெளியிலையிருந்து வாறதில்லை. பிறக்கேக்கையே கூட வந்தது. அந்தோனிக்குப் பதின்மூண்டு மாதிரி. மாஸ்ரர் தந்த கொப்பியிலை எல்லாற்றை பிறந்த திகதியும் இருக்கு."

பஞ்சலிங்கம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். சைவக் கழகங்கள் பதினொன்றின் நூற்று அறுபத்தைந்து பேரையும் இயந்திரம் ஒவ்வொருவராகப் பார்த்தது. திரையில் பெயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக ஏறின. பதினெட்டுப் பேர். ஒன்பது கழகங்களைச் சேர்ந்தவர்கள். இரண்டு கழகங்களில் ஒருவருமில்லை.

"என்ரை பேனையாலை உது முடிஞ்சிராது" என்றார் பஞ்சலிங்கம். "ஆனா அவங்கள் ஒத்துக்கொள்ளோணுமே."

ஏப்ரல் 16ஆம் திகதி புதன்கிழமை அணித்தலைவர்கள் ஜேர்சி வாங்க வந்தார்கள். வருடப்பிறப்பு முடிந்து இரண்டு நாள். எல்லாரும் பலகாரம் சாப்பிட்ட களைப்பில் இருந்தார்கள். செல்வநாயகம் மாஸ்ரர் ஒரு பக்கத்தில் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சலிங்கம் எதையும் மறைக்காமல் சொன்னார். சொல்லிமுடிக்கு முன்னரே சத்தம் எழும்பியது.

"எட்டைப் போட்டால் கால் முறியும்!"

"எங்கடை அம்மா வீட்டுக்கை விடமாட்டா!"

அருந்ததி அச்சிட்ட தாளோடு வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். ஒன்பது பெயரை வாசித்தாள். ஒன்றுக்கு மேல் ஆள் இருந்த கழகத்தில் வயதில் மூத்தவரின் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் பிறந்த திகதியையும் வாசித்தாள்.

"இவையளுக்கு எட்டுப் புதுசில்லை" என்றாள். "பிறந்த நாளிலையிருந்து எட்டோடைதான் இருக்கினம். இவ்வளவு காலம் ஒண்டும் நடக்கேல்லை. எங்கடை மாவட்டத்திலையே அதிகம் கோல் அடிச்ச ஊரெழுப் பொடியன் இருபத்தாறாம் திகதி பிறந்தவர்."

இது கொஞ்சம் வேலை செய்தது. ஊரெழுத் தலைவர் தாளை வாங்கிப் பார்த்து, "மெய்தான், உவன் இருபத்தாறு" என்றார். பெயர் வாசிக்கப்பட்டவர்களில் மல்லாகத்துப் பரமலிங்கம் தானே வந்திருந்தார். அவர் விடவில்லை.

"நான் எட்டாந்திகதி. சரி. ஏற்கெனவே ஒரு எட்டு. முதுகிலை இன்னொரு எட்டை ஒட்டினால்? ரெண்டு எட்டு!"

"ரெண்டு எட்டுப் பதினாறு" என்றாள் அருந்ததி. "ஒண்டும் ஆறும் ஏழு. ஏழு கேதுவின்ரை. உங்களுக்கு ஏழு கூடாதெண்டு ஆரும் சொன்னவையோ?"

பரமலிங்கம் விரலால் கணக்குப் போட்டுப் பார்த்தார். "ஏழு பிழையில்லை" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

மிஞ்சியவை இரண்டு கழகங்கள். ஒன்றின் தலைவர் தம்பிஐயா, பேக்கரித் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். அவர் மற்றவர்கள் பேசி முடியும்வரை காத்திருந்துவிட்டு மேசைக்கு வந்து எட்டைத் தூக்கித் தோளில் போட்டார்.

"எனக்குச் சனியுமில்லை, ஞாயிறுமில்லை. கிழமை முழுக்க வேலைதான். தாருங்கோ."

"மனிசி என்ன சொல்லுவா, தம்பிஐயா?" என்று பஞ்சலிங்கம் கேட்டார்.

"அவவுக்கு நம்பர் வாசிக்கத் தெரியும். முதுகைக் காட்டாமல் வீட்டுக்கை போறன்."

கடைசியாக இணுவில். தலைவர் கதிரவேலு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருடைய பதினைந்து பேரில் எட்டுக்காரர் இல்லை. கட்டாயப்படுத்தவும் மாட்டேன் என்றார். மாஸ்ரர் கதிரையில் அசைந்தார். அருந்ததி இணுவில் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"கதிரவேலு அண்ணை, நீங்கள் பதினாறாம் திகதி எண்டு கிடக்கு. சாதகத்திலை பாத்ததோ, பிறப்புப் பத்திரத்திலையோ?"

"சாதகத்திலை. பதிவுக்கு அம்மா அதைத்தான் சொன்னவ."

"எத்தினை மணிக்குப் பிறந்தனீங்கள்?"

"விடியப்புறம் மூண்டு மணி. ஏன்?"

கடைக்குள் இரண்டு பேர் ஒரே நேரத்தில் "ஆ!" என்றார்கள். பஞ்சாங்கத்துக்கு நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்குகிறது. ஆங்கிலத் திகதி நடுச்சாமத்தில் மாறுகிறது. சாதகத்தில் பதினாறு என்றால், விடியப்புறம் மூன்று மணிக்குப் பிறந்தவரின் ஆங்கிலத் திகதி பதினேழு.

"அப்ப நான் இவ்வளவு காலமும் எட்டாம் நம்பர்க்காரனோ?" என்றார் கதிரவேலு. "அதுதான் காணிவழக்கு முடியுதில்லை."

"பதிவிலை பிழை" என்றார் செல்வநாயகம் மாஸ்ரர், பேனையை எடுத்துக்கொண்டு. "பிறப்புப் பத்திரத்தைக் கொண்டாரும். நான் திருத்துறன்."

பத்திரம் அடுத்த நாள் வந்தது. பதினேழு என்றே இருந்தது.

ஏப்ரல் 20ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குத் தொடக்க அணிவகுப்பு நடந்தது. பதினாறு கழகங்களும் புதிய ஜேர்சியோடு நடந்தன. கரையோரக் கழகங்கள் ஐந்தில் நான்கில் அந்தோனிகள் பதின்மூன்றை அணிந்திருந்தார்கள். ஐந்தாவதில் அணிந்தவர் பெயர் பிலிப்பு, அவருடைய தகப்பன் பெயர் அந்தோனி. எட்டாம் இலக்கம் அணிந்த சைவக் கழகங்கள் பதினொன்றில், முதல் சுற்றில் ஆறு வென்றன, ஐந்து தோற்றன. கால் முறிந்தவர் ஒருவர். அவர் மூன்றாம் இலக்கம்.

அருந்ததி நிரலில் இரண்டு வரிகள் சேர்த்தாள். சைவக் கழகமென்றால் எட்டைத் தாண்டு. கரையோரக் கழகமென்றால் பதின்மூன்றைத் தாண்டு. அதற்குப் பிறகு பஞ்சலிங்கத்திடம், அவர் தலைக்குள் இருப்பதில் தனக்குத் தெரியாதது வேறென்ன என்று கேட்டு, ஒரு கொப்பியில் அவர் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினாள். அவர் இரண்டு வாரம் சொன்னார். கடையில் ஆள் வரும்போது நிறுத்தி, போனதும் தொடர்ந்தார். தனக்கு இவ்வளவு தெரியுமென்று அவருக்கே தெரியாமல் இருந்தது. அது அவருக்குப் பிடித்திருந்தது.

யூன் மாதம் செல்வநாயகம் மாஸ்ரர் அடுத்த ஆண்டுக்கான ஓடரைத் தந்தார். கழகங்கள் பதினெட்டாகியிருந்தன. ரியூட்டரிக்காரர் மூன்றாம் முறை வந்தபோது, விற்பதற்கில்லை என்று பஞ்சலிங்கம் சொன்னார். ரியூட்டரிக்காரர் ஓகஸ்ட்டில் கொழும்பிலிருந்து வேறொரு கணினி எடுப்பித்தார்.